வட ஆற்காட்டில் நில விலையை எடைபோடும் முறை

"காட்பாடியில் சதுரடி என்ன ரேட்டு போகுது?" என்று போனில் கேட்பவர்களுக்கு நான் உடனே எண் சொல்வதில்லை. எந்தக் காட்பாடி என்று திருப்பிக் கேட்பேன். காந்தி நகரா, ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவா, வி.ஐ.டி. பக்கமா, சேவூர் தாண்டிக் கல் நட்டு வைத்திருக்கும் மனைப்பிரிவா? அதைச் சொன்னதும் அடுத்த கேள்வி: அங்கே போன வருஷம் எத்தனை மனை கைமாறியது? பெரும்பாலும் இதற்குப் பதில் வராது. பதில் வராத இடத்துக்கு விலை சொல்வது வெறும் ஊகம்.

வங்கிக் கடனுக்காகச் சொத்து மதிப்பீட்டு அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். அரக்கோணத்திலிருந்து வாணியம்பாடி வரை என் வேலைக்குள் வரும். ஒரு மனைக்கு மதிப்புப் போடுவது வேறு. ஒரு வட்டாரம் முழுக்க நிலம் என்ன விலை, வருஷத்துக்கு எவ்வளவு நிலம் விற்று வாங்கப்படுகிறது என்று கணக்கிடுவது வேறு. இரண்டாவதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். வேலூரை வைத்துச் சொல்கிறேன். சேலத்துக்கும் சித்தூருக்கும் முறை இதேதான், எண்கள் மாறும்.

எந்த விலையைத் தேடுகிறோம்?

ஒரே மனைக்கு நான்கு விலை உண்டு. பதிவுத்துறை நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு ஒன்று. பத்திரத்தில் எழுதும் தொகை ஒன்று. விற்பவர் வாயில் வரும் விலை ஒன்று. கடைசியில் பேசி முடித்துக் கைக்கு வந்த விலை ஒன்று. நமக்கு வேண்டியது இந்த நான்காவது. அதை யாரும் எழுதி வைப்பதில்லை. மற்ற மூன்றையும் வைத்துத்தான் அதை நெருங்க வேண்டும்.

பத்திரத் தொகை பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குக் கீழே எழுதினால் இந்திய முத்திரைச் சட்டம் 47ஏ பிரிவின்படி ஆவணம் மதிப்பு நிர்ணயத்துக்குப் போய்விடும். வருமான வரிச் சட்டமும் வழிகாட்டி மதிப்பைவிடக் குறைத்துக் காட்டினால் 10 சதவீதம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேலே எழுதினாலோ, கூடுதலாக எழுதும் ஒவ்வொரு லட்சத்துக்கும் 9,000 ரூபாய் செலவு: முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மேலே ஏற்றி எழுத யாருக்கு மனசு வரும்? முழு விலைக்கும் வங்கிக் கடன் வாங்குபவருக்குத்தான். அதனால் கடனில் வாங்கியவர்களின் பத்திரம்தான், அதுவும் இல்லையென்றால் அவர்கள் வாங்கிய கடன் தொகைதான், உண்மை விலைக்குப் பக்கத்தில் இருக்கும். இதைக் கீழே பயன்படுத்தப்போகிறோம்.

முதலில் வட்டாரம் பிரியுங்கள்

மாவட்ட எல்லையை வைத்து விலைக்கு வட்டாரம் பிரிக்காதீர்கள். 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் போனது. 2019-ல் மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் மறுபடி உடைந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்றானது. ஆட்சியர் அலுவலகம் வந்த ஊரில் கொஞ்ச நாள் பரபரப்பு இருந்தது, சரி. ஆனால் நிலத்துக்கு விலை வைப்பது அங்கே யார் எதற்காகப் பணம் போடுகிறார்கள் என்பதுதான். பணம் வரும் வழியைப் பார்த்துப் பிரியுங்கள்.

நான் பிரிப்பது இப்படி. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய பகுதி தனி. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்குபவர்களின் லாட்ஜ் வாடகைதான் அங்கே நிலத்தின் விலை. அங்கே இடம் வைத்திருப்பவர் விற்கமாட்டார், விற்றால் அது குடும்பப் பாகத்தகராறாக இருக்கும். வி.ஐ.டி. 1984-ல் பொறியியல் கல்லூரியாக ஆரம்பித்தது. அதைச் சுற்றி காட்பாடி, பிரம்மபுரம் பக்கமெல்லாம் மாணவர் விடுதிப் பணம். சத்துவாச்சாரியிலிருந்து ரங்காபுரம் வரை நெடுஞ்சாலையை ஒட்டிச் சம்பளக்காரர்கள் வீடு கட்டும் பகுதி. பாகாயம், அரியூர், ஸ்ரீபுரம் பக்கம் 2007-ல் பொற்கோயில் வந்தபிறகு தனிக் கணக்கு. ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல் தொழில் பகுதி. அரக்கோணம் வேலூரைப் பார்ப்பதே இல்லை. புறநகர் ரயில் ஓடுவதால் அது சென்னையின் வால். பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நட்டார்கள். அன்று முதல் நெமிலி வட்டத்தில் விலை என்பது எதிர்பார்ப்பின் பெயர். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் இன்னும் பயிர் வைக்கிறவர்களின் நிலம்.

பிரித்தபிறகு ஒவ்வொரு பகுதியும் எந்தெந்தச் சார்பதிவகத்தில் பதிவாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சார்பதிவக எல்லை தாலுகா எல்லையோடு எல்லா இடத்திலும் பொருந்தாது. ஒரு தாலுகாவில் இருக்கும் கிராமம் பக்கத்து ஊர் சார்பதிவகத்தில் பதிவாகும். இதைக் கவனிக்காமல் தாலுகாவுக்கு இத்தனை பத்திரம் என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

வழிகாட்டி மதிப்பில் உள்ள முறிவுகள்

பதிவுத்துறையின் இணையதளத்தில் கிராமத்தையும் தெருவையும் கொடுத்தால் மதிப்பு வரும். தெருவுக்குச் சதுரடிக் கணக்கு, புல எண்ணுக்கு ஏக்கர் கணக்கு. இதை அப்படியே ஐந்து வருஷம், பத்து வருஷம் பின்னோக்கி எடுத்து வரைபடம் போட்டால் தப்பான கதைதான் கிடைக்கும். ஏன் என்று பாருங்கள்.

2017 ஜூன் 9 முதல் மாநிலம் முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். அதோடு பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரல் 1-ல் மதிப்பைப் பழையபடி 2017 ஜூனுக்கு முந்தைய நிலைக்கு ஏற்றி, கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். 2024 ஜூலையில் மறுபடி திருத்தம். 100 ரூபாய் 67 ஆகி, 67 மறுபடி 100 ஆனால் ஏற்றம் 33 சதவீதம் இல்லை, ஏறக்குறைய 49 சதவீதம். 2023 மார்ச்சில் பதிவான பத்திரத்தையும் மே மாதம் பதிவானதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ரெண்டு மாசத்துல பாதிக்குப் பாதி ஏறிடுச்சு" என்று ஒரு தரகர் என்னிடமே சொன்னார். தரையில் ஒன்றும் ஏறவில்லை. ஏறியது அரசாங்கத்தின் பட்டியல்.

அதனால் காலத்தைத் துண்டாக்குங்கள்: 2017 ஜூனுக்கு முன், அங்கிருந்து 2023 மார்ச் வரை, அதன்பின் 2024 ஜூன் வரை, அதற்குப் பின். ஒரு துண்டுக்குள் இருப்பதை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

இன்னொரு சிக்கல், புஞ்சையாகப் பதிவாகியிருக்கும் புல எண்கள். ஊர் வளர்ந்து வீட்டு வாசல்வரை வந்திருக்கும், பட்டியலில் இன்னும் மானாவாரி என்று ஏக்கர் விலை இருக்கும். அந்தப் பத்திரங்களைச் சராசரியில் சேர்த்தால் வட்டாரத்தின் விலையே தரையில் படுத்துவிடும். அவற்றைத் தனியாக வையுங்கள்.

வில்லங்கத்தைப் படிப்பது

வேலையின் கனமான பகுதி இதுதான், பொறுமையும் இதற்குத்தான் வேண்டும். வில்லங்கச் சான்று என்பது ஒரு சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல். அதைத் துறையின் தளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். எல்லோரும் தங்கள் மனைக்கு மட்டும் போட்டுப் பார்க்கிறார்கள். நீங்கள் ஒரு புல எண் முழுவதற்கும் போடுங்கள். ஒரு மனைப்பிரிவு உட்கார்ந்திருக்கும் புல எண்ணாக இருந்தால் பல பக்கங்களுக்கு நீளும். பயப்பட வேண்டாம்.

ஒரு பதிவை எடுத்துக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்கு. தன்மை என்ற கட்டத்தில் கிரயம், அதாவது விற்பனை. விஸ்தீர்ணம் 1,200 சதுரடி, அதாவது முப்பதுக்கு நாற்பது மனை. கைமாற்றுத் தொகை, அதாவது பத்திரத்தில் எழுதிய விலை, 9,60,000. சந்தை மதிப்பு என்ற கட்டத்தில், அதாவது வழிகாட்டி மதிப்பின்படி வருவது, 9,60,000. இரண்டும் ஒன்றாக இருந்தாலே புரிந்துகொள்ள வேண்டும், இது சதுரடி 800 என்ற வழிகாட்டி மதிப்பில் எழுதிய பத்திரம், பேசிய விலை அல்ல. இதே மனை எண்ணுக்குக் கீழே பாருங்கள். அதே வாரத்தில் ஒரு வங்கியின் பேரில் உரிமை ஆவண ஒப்படைப்பு, அதாவது கடனுக்கு ஈடாகப் பத்திரத்தை வங்கியில் வைத்தது, தொகை 14 லட்சம். 9,60,000 ரூபாய் மனைக்கு எந்த வங்கியும் 14 லட்சம் கொடுக்காது. கடனில் வீடு கட்டும் பணமும் சேர்ந்திருக்கலாம், அதனால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மனையில் வீடு எழும்பவே இல்லை, கட்டடக் கடனும் இல்லை என்றால், அந்த மனையின் உண்மை விலை 14 லட்சத்துக்கு மேலே எங்கோ இருக்கிறது. இப்படிச் சில பதிவுகள் கிடைத்தால் போதும், அந்தப் பகுதிக்கு ஒரு விகிதம் வந்துவிடும். மனை விலை 16 லட்சம் என்று விசாரித்து உறுதியானால், வழிகாட்டி மதிப்பு உண்மை விலையில் 60 சதவீதம். இந்த விகிதம் பகுதிக்குப் பகுதி மாறும். ஒரு பகுதியில் எடுத்ததை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

இரண்டு கட்டத்திலும் தொகை வேறுவேறாக இருந்து, கைமாற்றுத் தொகை உயரமாக இருந்தால் அது தங்கம். அந்தப் பத்திரத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். அரசாங்கமே நிலம் எடுக்கும்போது இப்படித்தான் பார்க்கிறது. 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 26-வது பிரிவு, முந்தைய 3 வருஷத்தில் அருகில் பதிவான அதேவகை நிலங்களின் கிரயங்களை எடுத்து, அதில் விலை உயர்ந்த பாதியின் சராசரியைப் பார்க்கச் சொல்கிறது. கீழ்ப்பாதியில் இருப்பது விலை குறைத்து எழுதிய பத்திரங்கள் என்று சட்டமே மறைமுகமாக ஒப்புக்கொண்ட மாதிரி. நானும் மேல்பாதியைத்தான் எடுக்கிறேன். சென்னை – பெங்களூரு விரைவுச்சாலைக்கு நிலம் கொடுத்தவர்கள் இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாகப் போடுவார்கள்.

இப்போது கைமாற்று, அதாவது வருஷத்துக்கு எத்தனை மனை கைமாறுகிறது என்ற கணக்கு. வில்லங்கத்தில் வருவதெல்லாம் விற்பனை அல்ல. தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை (தன் பங்கை விட்டுக்கொடுப்பது), அடமானம், அடமான ரசீது, பொது அதிகாரம், கிரய ஒப்பந்தம், பிழைதிருத்தல் எல்லாம் வரும். கிரயத்தை மட்டும் எண்ணுங்கள். அதிலும் மனைப்பிரிவு போட்டவர் முதன்முதலாக விற்றதை ஒரு பத்தியிலும், வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றதை இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள். முதல் விற்பனை விளம்பரத்தின் வேகம். மறுவிற்பனைதான் சந்தை.

120 மனை உள்ள ஒரு பிரிவு. 3 வருஷத்தில் மறுவிற்பனை 18. வருஷத்துக்கு 6, அதாவது 5 சதவீதம். பரவாயில்லை. இன்னொரு பிரிவில் 200 மனையில் 3 வருஷத்தில் மறுவிற்பனை 3 என்றால், அங்கே வருஷத்துக்கு அரை சதவீதம்தான். இரண்டு இடத்திலும் சதுரடி 1,500 என்று சொல்வார்கள். முதல் இடத்தில் 1,500 என்பது விலை. இரண்டாவதில் அது ஆசை. நீங்கள் விற்க உட்கார்ந்தால் 1,100-க்கும் ஆள் வராமல் போகலாம்.

தரகர்களிடம் பேசும்போதும் இதே கேள்விதான். நெமிலிப் பக்கம் ஒருவர், "மேடம், ரெண்டாயிரத்துக்குக் குறைய யாரும் தரமாட்டாங்க" என்றார். "சரிங்கண்ணே, கடைசியா நீங்க எப்போ முடிச்சீங்க? என்ன ரேட்டு?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "தையில ஒண்ணு முடிச்சேன். அது ஆயிரத்து நூறு. ஆனா அது அர்ஜென்ட் பார்ட்டி" என்றார். அர்ஜென்ட் பார்ட்டியின் விலையையும் கணக்கில் சேருங்கள். விற்கிற எல்லோருமே ஏதோ ஒரு அவசரத்தில்தான் விற்கிறார்கள்: கல்யாணம், காலேஜ் பீஸ், ஆஸ்பத்திரி.

வங்கி ஏல விளம்பரங்களையும் விடாதீர்கள். கடன் கட்டாத சொத்துக்கு வங்கி குறைந்தபட்ச விலை வைத்து நாளிதழில் போடும். ஏல விலை எப்போதும் கொஞ்சம் தாழ்வாகத்தான் இருக்கும். ஆனால் அதே சொத்து இரண்டாம் முறை, மூன்றாம் முறை விலை குறைத்து வருகிறதென்றால் அந்தத் தெருவில் வாங்க ஆளில்லை என்று பொருள்.

சார்பதிவக வருவாயிலிருந்து மொத்தக் கணக்கு

ஒவ்வொரு புல எண்ணாகப் போய் ஒரு மாவட்டத்தை எண்ண முடியாது. மொத்தத் தொகைக்கு மேலிருந்து இறங்க வேண்டும். பதிவுத்துறையில் வேலூர் ஒரு தனி மண்டலம். சார்பதிவகம் வாரியாக ஆவண எண்ணிக்கையும் வருவாயும் துறையிடம் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். கேட்கும்போது ஆவண வகை வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகவே வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கணக்கு இப்படிப் போகும். ஒரு சார்பதிவகத்தின் வருஷ வருவாய் 27 கோடி என்று வையுங்கள். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட், விடுதலை போன்றவற்றுக்குக் கட்டணத்தில் உச்சவரம்பு இருப்பதால் எண்ணிக்கையில் நிறைய இருந்தாலும் வருவாயில் கொஞ்சம்தான். கிரயத்தின் பங்கு 80 சதவீதம் என்று துறை கொடுத்த பிரிவு காட்டினால் 21 கோடியே 60 லட்சம். அதை 9 சதவீதத்தால் வகுத்தால் பத்திரங்களில் எழுதிய மொத்தத் தொகை 240 கோடி. மேலே எடுத்த விகிதம் 60 சதவீதமானால், உண்மையில் புரண்ட பணம் 400 கோடி. பழைய வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 9 என்று வகுக்காதீர்கள். 2017 ஜூனுக்கும் 2023 மார்ச்சுக்கும் இடையில் அது 11 சதவீதம். சிறிய பத்திரங்களில் இன்னொரு விதிவிலக்கும் உண்டு: 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. கிராமத்துச் சார்பதிவகங்களில் இது வகுக்கும் எண்ணையே கொஞ்சம் மாற்றிவிடும்.

ஒரு மாதத்தை எடுத்து 12-ஆல் பெருக்கவும் கூடாது. ஆடியில் சார்பதிவகம் காற்று வாங்கும், ஆடிப்பெருக்கு ஒரு நாளைத் தவிர. ஆவணி பிறந்ததும் கூட்டம். தையில் முகூர்த்த நாளென்றால் வழக்கமான 100 டோக்கனை 150 ஆக்கித் துறையே அறிவிப்பு விடும். வழிகாட்டி மதிப்பு ஏறப்போகிறது என்ற பேச்சு கிளம்பினால் அதற்கு முந்தைய வாரங்களில் இன்னொரு கூட்டம். முழு வருஷம் எடுங்கள், முடிந்தால் இரண்டு.

ஏக்கர் விலையும் மனை விலையும்

ஊரில் ஒரு வினோதக் கணக்கு உண்டு. மனை சதுரடி ஆயிரம் என்றால், ஏக்கருக்கு 43,560 சதுரடி, ஆக ஏக்கர் நாலு கோடியே முப்பத்தைந்து லட்சம் என்று நிலக்காரர் உட்கார்ந்துவிடுவார். சாலை, பூங்காவுக்கு ஒதுக்கும் திறந்தவெளி எல்லாம் போக ஒரு ஏக்கரில் விற்க மிஞ்சுவது 55, 60 சதவீதம்தான். 25,000 சதுரடி என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் வீதம் 2 கோடியே 50 லட்சம். தார்ச்சாலை, கால்வாய், மின்கம்பம், நகர் ஊரமைப்பு ஒப்புதல் என்று சதுரடிக்கு 250 போனால் 62 லட்சத்து 50 ஆயிரம். தரகு 5 லட்சம். தொழில் செய்பவரின் லாபம் 50 லட்சம். மிச்சம் 1 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம்.

இதோடு கணக்கை நிறுத்துபவர்கள்தான் அதிகம். கைமாற்று வேகம் இனிமேல்தான் உள்ளே வருகிறது. அந்தப் பகுதியில் மனைகள் விற்றுப் பணம் திரும்ப சராசரியாக ஒரு வருஷம் ஆகுமென்றால், 12 சதவீத வட்டியில் அந்த 1.32 கோடியின் இன்றைய மதிப்பு 1 கோடியே 18 லட்சம். இரண்டரை வருஷம் ஆகுமென்றால் ஏறக்குறைய ஒரு கோடி. சதுரடி விலை ஒன்றே, வேகம் மட்டும் வேறு. ஏக்கருக்கு 18 லட்சம் வித்தியாசம். ஏக்கர் விலையை நம்மிடம் கேட்பவர்கள் பக்கத்து மனைப்பிரிவின் போர்டைக் காட்டுவார்கள். நாம் அந்த மனைப்பிரிவில் எத்தனை மனை இன்னும் விற்காமல் முள் வளர்ந்து கிடக்கிறது என்று எண்ண வேண்டும்.

ஒப்புதல் இல்லாத மனைப்பிரிவு என்றால் கணக்கே வேறு. 2016 அக்டோபர் 20-ஐ வரம்பாக வைத்து, அதற்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2017-ல் வந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு ஒப்புதல் இல்லாமல் துண்டு போட்ட இடத்தை மனையாகப் பதியவே முடியாது. கைமாற்று பூஜ்யம், அதனால் அதற்கு மனை விலை கிடையாது, வயல் விலைதான்.

வாடகையை வைத்துச் சரிபார்த்தல்

விற்பனையே நடக்காத இடத்துக்கு இது ஒன்றுதான் வழி. குடியிருப்பு வீட்டின் வருஷ வாடகை அதன் மதிப்பில் 2, 3 சதவீதம்தான் வரும். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக்கு மாதம் 15,000 வாடகை என்றால் வருஷம் 1,80,000. மதிப்பு 60 லட்சத்துக்கும் 90 லட்சத்துக்கும் நடுவில். அதில் கட்டடத்தின் மதிப்பைக் கழித்தால் நிலம். லாட்ஜுக்கும் மாணவர் விடுதிக்கும் இந்தச் சதவீதம் செல்லாது. அவை வியாபாரம், காலி அறை, கரண்டு பில், ஆள் சம்பளம் கழித்த பிறகு பாருங்கள்.

தண்ணீர்

தோல் தொழில் பகுதியில் ஒரே சாலையின் இரு பக்கத்துக்கும் விலை வேறாக இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வாயில் வைத்தால் புரிந்துவிடும். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு இறங்கியதைப் பற்றித்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் தொழிற்சாலையின் கழிவு மேடு இன்னொரு பக்கம். இந்தத் தள்ளுபடி எந்தப் பட்டியலிலும் இருக்காது. அந்தத் தெருவில் குடிதண்ணீர் லாரி எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, கேனுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள். நல்ல தண்ணீர் உள்ள தெருவின் கிரயங்களையும் இல்லாத தெருவின் கிரயங்களையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள்.

ஏரிப் பக்கத்து நிலமென்றால் பட்டாவோடு நிறுத்தாமல் அ-பதிவேட்டையும் (கிராமத்து நிலப் பதிவேடு) புலப்படத்தையும் (புல எண்ணின் அளவு வரைபடம்) பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு ஒட்டியிருந்தால் வாங்குபவர் வரமாட்டார், வங்கியும் வராது. தெருக்குத்து உள்ள மனையையும் தனியாகக் குறியுங்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாங்குகிறவருக்கு இருக்கிறது, விலை அவருடையது.

எல்லை தாண்டி ஒப்பிடும்போது

கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால் ஆந்திரம். அங்கே சதுர கஜத்தில் விலை சொன்னால் 9-ஆல் வகுத்தால் சதுரடி விலை. கர்நாடகத்தில் குண்டா என்பார்கள், 1,089 சதுரடி, 40 குண்டா ஒரு ஏக்கர். நம் சென்ட் 435.6 சதுரடி. பட்டாவில் 0.40.50 என்று ஹெக்டேர் கணக்கில் இருந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். எல்லாவற்றையும் முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அரசு விலைக்கும் ஊருக்கு ஊர் பெயர் வேறு: மகாராஷ்டிரத்தில் ரெடி ரெக்கனர், டெல்லியில் சர்க்கிள் ரேட், கர்நாடகத்தில் கைடன்ஸ் வேல்யூ, கேரளத்தில் ஃபேர் வேல்யூ. ஒவ்வொன்றும் உண்மை விலைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால் அந்த எண்களை நேரடியாக ஒப்பிடுவது வீண். அங்கும் கடனில் வாங்கிய பத்திரங்களை எடுத்து அந்த ஊர் விகிதத்தைக் கண்டுபிடித்தபிறகுதான் ஒப்பிட வேண்டும். ரிசர்வ் வங்கி பதிவு விவரங்களை வைத்து வீட்டு விலைக் குறியீடு போடுகிறது, தேசிய வீட்டுவசதி வங்கி 2007-லிருந்து ரெசிடெக்ஸ் என்று ஒன்று வெளியிடுகிறது. நாட்டின் போக்கு தெரிய இரண்டும் நல்லவை. நம் பக்கத்துக்குச் சென்னையின் எண்ணைத்தான் அவை காட்டும். சென்னை குறியீடு 8 சதவீதம் ஏறினால் அரக்கோணம் கொஞ்சம் அசையும், குடியாத்தம் திரும்பிக்கூடப் பார்க்காது.

அறிக்கையாக எழுதும்போது

ஒரு பகுதிக்கு ஒரு வரி. அதில் ஐந்து விவரம்: முடிந்த விலையின் கீழ் எல்லையும் மேல் எல்லையும், எத்தனை கிரயத்திலிருந்து எடுத்தது, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, வழிகாட்டி மதிப்போடு விகிதம், வருஷ மறுவிற்பனை சதவீதம். கிரய எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருந்தால் கீழ், மேல் எல்லைக்கு நடுவில் இடைவெளியை அகலமாக வையுங்கள். மறுவிற்பனையே இல்லாத பகுதிக்கு விலைக் கட்டத்தில் கோடு போட்டுவிட்டு, கேட்கும் விலையை மட்டும் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பனப்பாக்கத்தைச் சுற்றியுள்ள சில கிராமங்களுக்கு இப்போது நான் அப்படித்தான் எழுதுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த வரிகளை மட்டும் மறுபடி திறந்து பார்த்தால் போதும், மற்றவை வருஷத்துக்கு ஒரு தடவை.